விண்டோஸ் சர்வரா, லினக்ஸா? முதலில் கேபிளைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். மன்னார்குடிப் பக்கம் அப்பா காலத்து ரைஸ் மில், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் உரக்கடை. இரண்டிலும் சேர்த்து ஒன்பது கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், எட்டு கேமரா. டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஒரு பில்லிங் மென்பொருளும் ஓடுகின்றன. மில்லில் இருக்கும் டேட்டா கடையில் சில நாள் திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை, பிரிண்டர் திடீரென்று காணாமல் போகிறது. தஞ்சாவூரிலிருந்து வந்தவர் "சர்வர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று விண்டோஸ் சர்வருக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் மச்சான் "உபுண்டு லினக்ஸ் போடு, பைசா செலவில்லை" என்கிறார். எனக்கு நெட்வொர்க் அடிப்படையே தெரியாது, யார் சொல்வதைக் கேட்பது என்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். சில நாள் திறக்கிறது, சில நாள் திறக்கவில்லை என்பது சர்வர் இல்லாததால் வருகிற கோளாறு இல்லை. இருக்கிற நெட்வொர்க்கை அப்படியே வைத்துக்கொண்டு எவ்வளவு விலைக்கு சர்வர் வாங்கி வைத்தாலும், அந்த சர்வரும் சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. அதனால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

முதலில் கடையில் ஒரு கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளை ஜன்னலைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடியுங்கள். அதேபோல் மில்லிலும் ஒன்றில் அடியுங்கள். வருகிற வரிகளில் மூன்றுதான் நமக்கு வேண்டும்: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே. ஐபி 192.168.1.23 என்றும் மாஸ்க் 255.255.255.0 என்றும் இருந்தால், முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்கிற எல்லாக் கருவிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன என்று அர்த்தம். அவை ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும். 192.168.1.10 உடன் பேச வேண்டுமானால் உங்கள் கம்ப்யூட்டர் "1.10 யார்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போடும், அந்த முகவரிக்குச் சொந்தமான கருவி தன் மேக் எண்ணை, அதாவது கருவிக்கென்று இருக்கும் அடையாள எண்ணைச் சொல்லும், அதற்கப்புறம் ஸ்விட்ச், அதாவது எல்லா லேன் கேபிளையும் சேர்த்து மாட்டும் பெட்டி, அந்த மேக் எண்ணைப் பார்த்துச் சரியான போர்ட்டுக்குத் தகவலைத் தள்ளிவிடும். சாதாரண ஸ்விட்சுக்கு ஐபி என்றால் என்னவென்றே தெரியாது, மேக் எண் மட்டும்தான் தெரியும். வேறு நெட்வொர்க்கில் இருக்கிற முகவரி என்றால் கம்ப்யூட்டர் அதைக் கேட்வேயிடம், அதாவது ரௌட்டரிடம் கொடுத்துவிடும், எங்கே அனுப்புவது என்பது ரௌட்டர் பாடு. இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சத்தம் ரௌட்டரைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது.

இந்த முகவரியை யார் கொடுக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் உங்கள் பிராட்பேண்ட் ரௌட்டர்தான், அதற்குள் ஓடுகிற டிஹெச்சிபி என்ற வேலைக்காரர். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் "எனக்கு யாராவது ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்கும், அவர் ஒன்றைக் கொடுப்பார். யாருமே கொடுக்கவில்லை என்றால் விண்டோஸ் தானாகவே 169.254 என்று ஆரம்பிக்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தால் வேறு எதையும் நோண்டாதீர்கள், கேபிள் அல்லது ஸ்விட்ச் அல்லது ரௌட்டர், பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்.

உங்கள் கதைக்கு வருகிறேன். கடையில் வைஃபை வரவில்லை என்று ஒரு இரண்டாவது ரௌட்டரை வாங்கி மாட்டியிருப்பீர்கள், நான் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். மில் ரௌட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் (LAN) போர்ட்டில் சொருகியிருந்தால், ஒரே நெட்வொர்க்கில் இப்போது இரண்டு டிஹெச்சிபி. காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எந்த ரௌட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ பெரும்பாலும் அதன் முகவரிதான் கிடைக்கும். இன்றைக்கு 192.168.1.23, நாளைக்கு 192.168.0.5. முதலாவது கிடைத்த நாளில் டேலி திறக்கும், இரண்டாவது கிடைத்த நாளில் திறக்காது. "சில நாள்" என்பதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். கேபிளை வேன் (WAN) போர்ட்டில், அதாவது இன்டர்நெட் வருகிற துளையில் சொருகியிருந்தால் வேறு மாதிரித் தொல்லை: கடை தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும், இன்டர்நெட் நன்றாக வரும், மில் கம்ப்யூட்டரை ஐபி எண் போட்டுத் தேடினால் கிடைக்கும், பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் பெயரைத் தேடுகிற சத்தமும் ரௌட்டரோடு நின்றுவிடுகிறது. மில்லிலிருந்து கடை பிரிண்டருக்கு அனுப்பவே முடியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கடை ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள், அப்போது அது வைஃபை மட்டும் கொடுக்கும், முகவரி கொடுக்காது. அந்த வசதி இல்லாத பழைய பெட்டியாக இருந்தால் அதன் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, அதற்கு 192.168.1.2 என்று ஒரு முகவரி கொடுத்து, கேபிளை லேன் போர்ட்டில் சொருகுங்கள். செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது பிரிண்டர் காணாமல் போவது. அதற்கு டிஹெச்சிபி ஏதோ ஒரு தடவை வேறு முகவரி கொடுத்திருக்கும், கம்ப்யூட்டர்கள் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். முகவரியின் கடைசி எண்ணில் ரௌட்டருக்கு 1; பிரிண்டர், டேட்டா இருக்கும் கம்ப்யூட்டர், கேமரா பெட்டி எல்லாவற்றுக்கும் 2 முதல் 49 வரை நிரந்தர முகவரி; மற்றவர்களுக்கு டிஹெச்சிபி 100 முதல் 200 வரை கொடுத்துக்கொள்ளட்டும். இதை ஒரு அட்டையில் எழுதி ரௌட்டர் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். கேமரா மாட்ட வருகிறவர்கள் தங்கள் பெட்டிக்கு 192.168.1.100 மாதிரி ஏதோ ஒரு முகவரியைத் தாங்களாகவே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதே 100ஐ ரௌட்டர் பில்லிங் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் மாறி மாறிச் செத்துப் பிழைக்கும். கொள்முதல் நேரத்தில் லாரி வாசலில் நிற்கும்போதுதான் இது நடக்கும்.

192.168 என்று எல்லா ஊரிலும் ஒரே எண் எப்படி என்று கேட்பீர்கள். ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான், உலகத்துக்குப் பத்தவில்லை. அதனால் 10 என்று ஆரம்பிப்பவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று ஆரம்பிப்பவை, இந்த மூன்று தொகுதியையும் 1996இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 என்ற இன்டர்நெட் விதி ஆவணம் உள்வீட்டு உபயோகத்துக்கு என்று ஒதுக்கிவிட்டது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், வெளியே செல்லாது. வெளியே போகும்போது ரௌட்டர் தன்னுடைய வெளி முகவரியைப் போட்டு அனுப்பும். இப்போது அந்த வெளி முகவரிகூடப் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் நமக்கென்று கிடைப்பதில்லை. ரௌட்டரின் வேன் பக்கத்தில் 100.64க்கும் 100.127க்கும் இடையில் ஒரு எண் தெரிந்தால், உங்களைப் போல் பலர் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து மில் கம்ப்யூட்டருக்குள் வர வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் இது குறுக்கே நிற்கும். நல்லதுதான் என்பேன். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதியான ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை, அதாவது அதன் வாசலை, நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்த கணக்குக் கம்ப்யூட்டர்களில் எளிதாக எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கூட்டம் நுழைகிறது. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன், அதாவது பூட்டிய தனி வழி, போட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள், 3389ஐத் திறக்கிற பேச்சே வேண்டாம்.

இனி கேபிள். தலைப்பில் சொன்னது சும்மா இல்லை. காப்பர் லேன் கேபிள் ஸ்விட்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே 100 மீட்டர் வரைதான். உங்கள் மில் அலுவலகத்திலிருந்து களத்தைச் சுற்றி, ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போனால் அதைத் தொட்டுவிடும், தொடாவிட்டாலும் காப்பர் வேண்டாம். மில்லுக்கு ஒரு மின் இணைப்பு, கடைக்கு வேறு இணைப்பு, இரண்டுக்கும் எர்த் வேறு. நடுவில் ஒரு காப்பர் கேபிளை இழுத்தால் ஐப்பசி, கார்த்திகையில் விழுகிற ஒரே இடியில் இரண்டு பக்கத்து ஸ்விட்சும் சேர்ந்து போகும், கூடவே அதில் மாட்டியிருக்கும் மதர்போர்டும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஃபைபர்தான், இரண்டு பக்கமும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், அதாவது ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி. கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. ஆனால் கம்பத்தில் தொங்கவிடும் ஃபைபர் கேபிளோடு ஒரு இரும்புத் தாங்கு கம்பி சேர்ந்தே வரும். அதைச் சுவருக்கு வெளியே கொக்கியோடு வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள், கன்வெர்ட்டர் பெட்டி வரை அதை இழுத்துக்கொண்டு வந்தால் ஃபைபர் போட்டதன் பலனே போய்விடும். இதை வேலை நடக்கும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள், முடிந்தபின் யாரும் ஏணி போட்டு ஏற மாட்டார்கள்.

கட்டடத்துக்குள் கேட் 6 போதும், சுத்தமான காப்பராக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் காப்பர் முலாம் பூசிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், வாங்காதீர்கள். அரைவை நடக்கிற இடத்தில் ஸ்விட்சை வைக்காதீர்கள், தவிட்டுத் தூசு உள்ளே படிந்து சூடாகிச் சாகும். எலிக்கு நெல்லும் ஒன்றுதான் கேபிளும் ஒன்றுதான், அதனால் குழாய்க்குள் விட்டு இரண்டு வாயையும் அடைத்துவிடுங்கள். இன்னொன்று, ஸ்விட்சிலிருந்து ஸ்விட்ச், அதிலிருந்து இன்னொரு ஸ்விட்ச் என்று தொடராக இழுத்துக்கொண்டே போயிருப்பீர்கள். நடுவில் ஒரு பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் உட்கார்ந்து, அதே வழியில் எட்டுக் கேமராவும் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தால், கடைசியில் இருக்கும் கடை கம்ப்யூட்டரின் நிலைமை கடைமடை வயல் மாதிரிதான், முறை வருவதற்குள் பயிர் போய்விடும். மில்லில் ஒரு நல்ல கிகாபிட் ஸ்விட்ச், எல்லாக் கேபிளும் நேராக அங்கே, கேமராக்களுக்குத் தனி ஸ்விட்ச். டேலி டேட்டாவை வைஃபையில் திறக்கவே திறக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் டேட்டா கெடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் செய்தபின் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் சர்வர் வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

சர்வர் என்பது மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதைக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். உங்கள் மில்லில் இப்போது டேட்டா இருக்கிற கம்ப்யூட்டரும் சர்வர்தான், யாரோ அதில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டும் யூடியூப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று நீங்களும் முடிவு செய்ய முடியாது, நானும் முடிவு செய்ய முடியாது, அதில் ஓடப்போகிற மென்பொருள்தான் முடிவு செய்கிறது. டேலி விண்டோஸில் ஓடுகிற மென்பொருள். பில்லிங் மென்பொருள்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் டேட்டாபேஸை லினக்ஸில் போட்டால் சப்போர்ட் கொடுப்பீர்களா?" முடியாது என்பார். சரி, அத்தோடு அந்த வேலைக்கு லினக்ஸ் பேச்சு முடிந்தது. மச்சான் பார்க்கிற உலகம் வேறு. அங்கே வெப்சைட்டும் ஆப்பும் ஓடுகின்றன, அந்த உலகத்தில் லினக்ஸ்தான் ராஜா, அவர் சொல்வதில் தப்பில்லை.

அதற்காக விண்டோஸ் சர்வரே வாங்க வேண்டும் என்றும் இல்லை. இதைக் கொட்டேஷன் கொடுப்பவர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். சாதாரண விண்டோஸ் 11 ப்ரோவிலேயே 20 கருவிகள் வரை ஒரே நேரத்தில் ஃபைல், பிரிண்டர் பகிர்வுக்கு வந்துபோக லைசென்ஸ் இடம் கொடுக்கிறது. உங்களிடம் இருப்பது ஒன்பது. டேலியில் எல்லோரும் ஒரே டேட்டாவைத் திறக்க மல்டி யூசர், அதாவது கோல்டு லைசென்ஸ்தான் வேண்டும், சில்வர் ஒரு ஆளுக்கு. அதை வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரு நல்ல கம்ப்யூட்டர், அதில் எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ப்ரோ, யாரும் உட்கார்ந்து வேலை பார்க்காமல் மூலையில் தனியாக, நிரந்தர முகவரியோடு. உங்கள் அளவுக்கு இது தாராளம்.

விண்டோஸ் சர்வர் எப்போது வேண்டும் என்றால், கடையில் இருக்கிறவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக மில் சர்வருக்குள்ளேயே வந்து டேலியை ஓட்ட வேண்டும், அல்லது கிளைகள் கூடி இருபதைத் தாண்டப்போகிறது, அல்லது யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்கிற கட்டுப்பாட்டை எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க வேண்டும் என்கிறபோது. அப்போது கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள். ஸ்டாண்டர்ட் பதிப்புக்குக் குறைந்தது 16 கோருக்கு, அதாவது ப்ராசசருக்குள் இருக்கும் 16 கணக்கிடும் பிரிவுகளுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், உங்கள் ப்ராசசரில் எட்டுதான் இருந்தாலும் 16தான். அதற்கு மேல் வந்துபோகும் ஒவ்வொரு ஆளுக்கும் அல்லது கருவிக்கும் கேல் (CAL) என்ற தனி லைசென்ஸ். ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை பார்க்க அதற்கென்று இன்னொரு கேல். சர்வரோடு சும்மா வருகிற இரண்டு ரிமோட் இணைப்பு நிர்வாக வேலைக்கு மட்டும்தான், பில் போடுவதற்கு இல்லை. கொட்டேஷனில் இந்தக் கேல் வரியே இல்லாமல் விலை மலிவாக இருந்தால் என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்கே தெரியும், யாரோ ஒரு கிராக்கை, அதாவது லைசென்ஸை ஏமாற்றும் திருட்டு மென்பொருளைப் போட்டுவிட்டுப் போவார்கள், அதற்குள்ளேயே என்னென்ன ஒளிந்திருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியாது. எசென்ஷியல்ஸ் என்று ஒரு பதிப்பு உண்டு, 25 ஆள், 50 கருவி வரை கேல் தேவையில்லை, ஆனால் சர்வர் பெட்டி விற்கிற கம்பெனி வழியாகத்தான் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள்.

பதிப்பின் ஆயுளையும் பாருங்கள். விண்டோஸ் சர்வர் 2022க்கு 2031 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, 2025 பதிப்புக்கு 2034 வரை. 2016 பதிப்போடு பழைய சர்வர் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் அதன் கதை 2027 ஜனவரியோடு முடிகிறது. விண்டோஸ் 10 ஏற்கெனவே 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, உங்கள் ஒன்பதில் எத்தனை அதில் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

லினக்ஸை ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு லினக்ஸ் தேவைப்படுகிற இடம் பேக்கப். ஓரம் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்குமே, அதில் புதிதாக ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு டெபியன் என்ற லினக்ஸை நிறுவச் சொல்லுங்கள். அதை மில்லில் வைக்காமல் கடைப் பக்கம் வையுங்கள், ஒரு கட்டடத்தில் தண்ணீர் புகுந்தாலும் மற்றது மிஞ்சும். முக்கியமான விஷயம் திசை. விண்டோஸ் கம்ப்யூட்டர் பேக்கப்பை அனுப்பக் கூடாது. டெபியன் பெட்டிதான் தினமும் ராத்திரி வந்து டேட்டாவை எடுத்துக்கொண்டு போய், பழையதை அழிக்காமல் தேதி போட்டுத் தனித்தனியாக வைக்க வேண்டும். விண்டோஸ் பக்கத்துக்கு அந்தப் பெட்டியில் எழுதும் உரிமையே கிடையாது. நாளைக்கே ஃபைலைப் பூட்டும் வைரஸ் வந்தாலும் பூட்டிய ஃபைலின் ஒரு நகல்தான் கூடுதலாகச் சேரும், முந்தைய நாள் நகலை அதனால் தொட முடியாது. மச்சானுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உட்கார்ந்து முடித்துவிடுவார்.

டெபியனா உபுண்டுவா என்று அவர் சண்டைக்கு வந்தால் எது அவருக்குப் பழக்கமோ அதுவே இருக்கட்டும். உபுண்டு என்றால் எல்டிஎஸ் பதிப்பு மட்டும், ஐந்து வருடம் அப்டேட் வரும், 24.04 என்றால் 2029 வரை. சென்ட்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸை நிறுவச் சொல்லும் பழைய வீடியோக்களை நம்பிவிடாதீர்கள். 2029 வரை ஓடும் என்று எல்லோரும் நம்பியிருந்த அதன் எட்டாம் பதிப்பை 2021 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள், ஏழாம் பதிப்பும் 2024 ஜூனில் முடிந்தது. அந்த வழி வேண்டுமென்றால் ஆல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ்.

கரண்ட். நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் சர்வரைப் பற்றிப் பேச முடியாது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்து போனபின் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் கம்பம் விழுந்து பல நாள் இருட்டில் கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், சாதாரண நாளில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்தச் சில விநாடியிலேயே டேட்டா எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெட்டுவிடும். சர்வர், ஸ்விட்ச், ரௌட்டர், மீடியா கன்வெர்ட்டர் நான்குக்கும் யூபிஎஸ் வேண்டும். சர்வருக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஸ்விட்சை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் சர்வர் உயிரோடு இருந்து யாருக்கு என்ன பயன்? யூபிஎஸ்ஸிலிருந்து ஒரு யூஎஸ்பி கேபிள் சர்வருக்குப் போக வேண்டும், பேட்டரி தீரப்போகிறது என்று தெரிந்ததும் அது தானாக முறையாக அணைந்துவிடும். அந்தக் கேபிளை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், கேட்டு வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே டேட்டாவை எழுதும் ரெய்டு போட்டுத் தருகிறேன், பேக்கப் தேவையில்லை என்று கொட்டேஷன்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். யாராவது ஒரு கம்பெனியின் ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும்.

கடைசியாக ஆள் விஷயம். குறுவை அறுவடை சமயத்தில் ராத்திரி எட்டு மணிக்கு சர்வர் நின்றால் யார் வருவார்? மன்னார்குடியிலோ திருவாரூரிலோ விண்டோஸ் தெரிந்த ஆள் ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்துவிடுவார். லினக்ஸ் தெரிந்தவர் கிடைப்பார், ஆனால் தேட வேண்டும். பேக்கப் பெட்டி இரண்டு நாள் நின்றால் வியாபாரம் நிற்காது, டேலி இரண்டு மணி நேரம் நின்றால் வாசலில் லாரி நிற்கும். எதை எதில் போடுவது என்று நான் மேலே பிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம். யார் வந்து நிறுவினாலும் அட்மின் பாஸ்வேர்டு, ரௌட்டர் பாஸ்வேர்டு, லைசென்ஸ் சாவி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தப் பாஸ்வேர்டை அவர் முன்னாலேயே போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.